தில்லி: பெயரில் மட்டும் தண்ணீர்

தில்லியில் ஷாப்பிங் போறவங்க பர்ஸோட சேர்த்து ஒரு குட்டி அகராதியும் எடுத்துட்டுப் போகணும்ங்கறது என் கட்சி. பெருசா ஒண்ணுமில்லீங்க, அஞ்சே வார்த்தைதான்.

பாவ்லி என்றால் படிக்கிணறு. குவான் என்றால் சாதாரணக் கிணறு. ஹௌஸ் என்றால் குளம் (வீடு இல்லை!). நஹர் என்றால் வாய்க்கால். புல் என்றால் பாலம் (மாடு மேயறது இல்லை!).

இப்ப ஒரு ரவுண்டு போவோம். மசாலா வாங்கணுமா? காரி பாவ்லி. பட்டம் வாங்கணுமா? லால் குவான். கல்யாணப் பத்திரிகை பார்க்க சாவ்ரி பஜார் போனா மெட்ரோவை விட்டு வெளியே வர்ற முனைக்குப் பேர் ஹௌஸ் காஜி. காஸ்ட்லியா டிசைனர் துணி பார்க்கணும்னா ஹௌஸ் காஸ். ஊரெல்லாம் கிணறும் குளமும்தான். ஆனா "அண்ணே, அந்தக் கிணறு எங்கே இருக்கு?"ன்னு கேட்டுப் பாருங்க. நம்மள மேலயும் கீழயும் பார்த்துட்டு, "ஏலக்காய் எத்தனை கிலோ வேணும்?"பாங்க.

நம்ம தொழில்ல பழைய கோடைத் திறந்தா, எப்பவோ தூக்கியெறிஞ்ச ஒரு வசதியோட பேர்ல ஒரு வேரியபிள் மட்டும் அனாதையா நிக்கும் பாருங்க, அதே கதை. வசதி போயிடுச்சு, பேர் மட்டும் ஓடிக்கிட்டிருக்கு. ஆணி பிடுங்கறதுக்காக ரெண்டு வருஷம் என்னை குருகிராம் பக்கம் அனுப்பியிருந்தாங்க. சனி ஞாயிறு ஆனா தில்லி. கோட்டை, காடு, கடைத்தெருன்னு சுத்தச் சுத்த எனக்குப் புரிஞ்சது ஒண்ணுதான்: மூணையும் தனித்தனியா பார்க்கவே முடியாது. மூணுக்கும் அடியில ஓடறது தண்ணி. சரி, கொசுவத்தியைச் சுத்துவோம்.

மலை ஒரு பக்கம், ஆறு ஒரு பக்கம்

தில்லியோட பூகோளம் ரொம்ப சிம்பிள். கிழக்கே யமுனை. மேற்கிலும் தெற்கிலும் ஆரவல்லி மலைத்தொடரோட வால் நுனி. ராஜஸ்தான்லேர்ந்து வந்து தில்லிக்குள்ள நுழைஞ்சு யமுனைக் கரையில முடியுது. இதைத்தான் ரிட்ஜ்னு சொல்றாங்க. மலைன்னதும் ஏற்காடு ரேஞ்சுக்குக் கற்பனை பண்ணாதீங்க, பாறை மேடுதான். மழை பெய்ஞ்சா அந்த மேட்டுலேர்ந்து சின்னச் சின்ன ஓடையா வழிஞ்சு யமுனையில சேரும். தில்லியில ராஜ்ஜியம் நடத்தினவங்க எல்லாருமே இந்த ஓடைத் தண்ணியைப் பிடிச்சு வைக்கிற வேலையைப் பண்ணியிருக்காங்க.

ஆரம்பகால சுல்தான்களோட ஊர் மெஹ்ரோலி, குதுப்மினார் இருக்கிற இடம். ஆத்தங்கரையிலேர்ந்து ரொம்ப தூரம், பாறை மேல. எதிரி வர முடியாது, சரி. தண்ணியும் வராதே? அதனால இல்துமிஷ் 1230 வாக்கில் ஹௌஸ்-எ-ஷம்ஸி என்கிற ஏரியை வெட்டினார். நம்ம ஊர்ல ராஜாக்கள் ஏரி வெட்டினதுக்கும் இதுக்கும் வித்தியாசமே இல்லை. வானம் பார்த்த பூமி எங்கே இருந்தாலும் ஒரே புத்திதான் வேலை செய்யும்.

அடுத்து அலாவுதீன் கில்ஜி. 1300 வாக்கில் சிரி என்கிற புது நகரத்தைக் கட்டினபோது அதுக்காக வெட்டின ஏரிதான் இன்றைய ஹௌஸ் காஸ். ஷாப்பிங் பத்திப் பேசினா இவரைத் தவிர்க்கவே முடியாது. தானியத்துக்கு ஒரு சந்தை, துணிக்கு ஒரு சந்தை, குதிரைக்கு ஒரு சந்தைன்னு பிரிச்சு, எல்லாத்துக்கும் அரசாங்கமே விலை வெச்சார். எடை குறைச்சா, குறைஞ்ச அளவுக்கு வியாபாரி உடம்புலேர்ந்து சதையை வெட்டினாங்கன்னு பரனி என்கிற வரலாற்றாசிரியர் எழுதி வெச்சிருக்கார். (தராசை ஆட்டுற நம்ம காய்கறிக்காரர் இதைப் படிக்காம இருக்கிறது நல்லது :-)) இந்த அலாவுதீனோட தளபதிதான் மாலிக் காபூர். 1311-ல் மதுரை வரைக்கும் வந்து கொள்ளையடிச்சுட்டுப் போனார். திரும்பும்போது கூட்டிட்டுப் போன யானைகள் 612 என்பது பரனியோட கணக்கு. அத்தனை யானைக்கும் தில்லியில தண்ணி காட்டணுமில்ல? ஏரி ஏன் அவ்வளவு பெருசுன்னு அப்பதான் உறைக்கும்.

அப்புறம் அந்த ஏரி தூர்ந்து, பிரோஸ் ஷா துக்ளக் 1350-களில் தூர்வாரி, கரையில ஒரு மதரஸாவைக் கட்டினார். அவர் சமாதியும் அங்கேதான். 1398-ல் தில்லியைச் சூறையாட வந்த தைமூர் கூடாரம் அடிச்சதும் இதே கரையில. பிறகு ஏரி காய்ஞ்சே போச்சு. 2000-களில் சுத்திகரிச்ச கழிவுநீரை விட்டு மறுபடியும் ஒரு பகுதியை நிரப்பினாங்க. பழைய ஏரியில ஒரு துண்டுதான் இப்ப நாம பார்க்கறது. கரையில காபிக்கடை, துணிக்கடை. சாயங்காலம் அந்த மதரஸா ஜன்னல்ல உட்கார்ந்து பார்த்தா நல்லாத்தான் இருக்கு. ஆனா மூக்கைக் கொஞ்சம் கட்டுப்படுத்திக்கணும்.

சாகேத் பக்கம் வாங்க. 2007-ல் திறந்த பெரிய மால் ஒண்ணு அங்கே இருக்கு. ஏசி, எஸ்கலேட்டர், எல்லா வெளிநாட்டு பிராண்டும். ரோட்டைத் தாண்டினா கிட்கி கிராமம். அங்கே முகமது பின் துக்ளக் காலத்து சத்புலா நிக்குது. ஏழு கண் பாலம்னு அர்த்தம், ஆனா அது வெறும் பாலம் இல்லை, மதகு வெச்ச அணை. தெற்கு மேட்டுலேர்ந்து வர்ற ஓடையை மறிச்சுத் தேக்கி, தேவைக்குத் திறந்துவிட்டாங்க. துக்ளக்னாலே தலைநகரை மாத்தின கோமாளின்னுதான் நமக்கு ஞாபகம். சோ ராமசாமி புண்ணியம்! அந்தக் கோமாளி காலத்து அணை இன்னும் கல்லு மாதிரி நிக்குது. தண்ணிதான் இல்லை.

நிலா விழுந்த தெரு

இப்ப நம்ம கதாநாயகி, சாந்தினி சௌக்.

ஷாஜஹான் 1639-ல் செங்கோட்டைக்கு அஸ்திவாரம் போட்டு 1648-ல் முடிச்சார். கோட்டையோட கிழக்குச் சுவரை ஒட்டி அப்ப யமுனை ஓடிச்சு. பக்கத்துலேயே ஆறு இருக்கு, தண்ணிக்கு என்ன கவலைன்னு நினைப்பீங்க. சிக்கலே அதுதான். ஆறு கீழே, ஊர் மேலே. மோட்டார் கிடையாது. எப்படி ஏத்துவீங்க?

அவங்க பண்ணினது பக்காவான எஞ்சினியரிங். ஆறு மலையை விட்டு இறங்குற இடத்துக்குப் போயிட்டாங்க, தில்லியிலேர்ந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல. அங்கே ஆறு உயரத்துல இருக்கு. அங்கேயே பிரிச்சு, சரிவு குறையாம பார்த்துப் பார்த்து வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்தா, தண்ணி தானாவே மேட்டு ஊருக்குள்ள நடந்து வந்துடும். பிரோஸ் ஷா முன்னாடியே வெட்டி வெச்சிருந்த பழைய கால்வாயைச் சீர்பண்ணி, தில்லி வரைக்கும் நீட்டின பெருமை அலி மர்தான் கான் என்கிற பாரசீகப் பிரபுவுக்கு. கோட்டைக்குள்ள அரண்மனை அறைகள் நடுவே ஓடின வாய்க்காலுக்கு நஹர்-இ-பிஹிஷ்த்னு பேர். சொர்க்கத்தின் ஓடை!

அந்தத் தண்ணியை ஊருக்குள்ளயும் ஓடவிட்டாங்க. 1650-ல் ஷாஜஹானோட மகள் ஜஹானாரா பேகம் கோட்டை வாசலுக்கு நேர் எதிரே ஒரு கடைத்தெருவைத் திட்டமிட்டாங்க. நீளம் 1,520 கஜம், அகலம் 40 கஜம், கடைகள் 1,560. நடுவுல வாய்க்கால், ரெண்டு பக்கமும் மரம், தெருவோட மையத்துல ஒரு குளம். ராத்திரியில நிலா அந்தக் குளத்துல விழும். அதனால சாந்தினி சௌக், நிலாச் சதுக்கம். குளத்துக்கு ஒரு பக்கம் ஜஹானாரா கட்டின சத்திரம். தூரதேச வியாபாரிங்க வந்து தங்கறதுக்கு.

ஒரு பொண்ணு, பதினேழாம் நூற்றாண்டுல, கடைத்தெருவை டிசைன் பண்றப்ப கடைக்கு எத்தனை அடின்னு மட்டும் யோசிக்காம, நிலா எங்கே விழும்னு யோசிச்சிருக்காங்க. நாம இன்னிக்கு பார்க்கிங் எங்கேன்னுகூட யோசிக்கறதில்லை.

அப்புறம் ஆரம்பிச்சது அழிவு. 1739 மார்ச்சில் பாரசீகத்துலேர்ந்து வந்த நாதிர் ஷா, இதே தெருவுல இருக்கிற சுனேஹ்ரி மசூதியில உட்கார்ந்துகொண்டு ஊரையே வெட்டச் சொன்னான். ஆயிரக்கணக்கில் பிணம். மயிலாசனத்தை அள்ளிக்கொண்டு போனான். கஜானா காலியானா கால்வாயை யார் தூர்வாருவாங்க? அந்த நூற்றாண்டுலேயே கால்வாய் வறண்டு போச்சு. 1820 வாக்கில் கிழக்கிந்தியக் கம்பெனி சீர்பண்ணி மறுபடியும் தண்ணி விட்டது. ஆனா 1857 புரட்சிக்குப் பிறகு அதே கம்பெனி ஆட்கள் ஊரைப் பழிவாங்கினாங்க. கோட்டைக்குள்ள பெரும்பாலான கட்டடங்கள் தரைமட்டம். ஜஹானாராவோட சத்திரத்தை இடிச்சு டவுன்ஹால் கட்டினாங்க. நிலா விழுந்த குளத்தைத் தூர்த்து மணிக்கூண்டு வெச்சாங்க. நடுவுல ஓடின வாய்க்காலையும் பிற்பாடு மூடிட்டாங்க. அந்த மணிக்கூண்டும் 1950-களில் இடிஞ்சு விழுந்துடுச்சு. இன்னிக்கு அந்த இடத்துல குளமும் இல்லை, கூண்டும் இல்லை. சமோசா கிடைக்கும்.

பக்கத்து பல்லிமாரான் தெருவுலதான் கவிஞர் காலிப் இருந்தார். புரட்சிக்குப் பிறகு எழுதின கடிதங்கள்ல, கிணத்துத் தண்ணியெல்லாம் உப்புக் கரிக்குதுன்னு புலம்பறார். வாய்க்கால் ஓடின வரைக்கும்தான் கிணத்துல நல்ல தண்ணி ஊறும் என்பது நம்ம ஊர் விவசாயிக்குச் சொல்லியா தெரியணும்?

உப்புன்னதும் ஞாபகம் வருது. காரி பாவ்லின்னா உப்புத்தண்ணிப் படிக்கிணறுன்னு அர்த்தம். ஷாஜஹான் வர்றதுக்கு நூறு வருஷம் முன்னாடி, சூரி வம்சத்து இஸ்லாம் ஷா காலத்தில் வெட்டினது. கிணறு இருந்த சுவடே இப்ப இல்லை. கிராம்பு, பட்டை, குண்டூர் மிளகாய், நம்ம பக்கத்து மிளகு எல்லாம் மூட்டை மூட்டையா இருக்கு. மிளகாய் நெடி உள்ளே நுழைஞ்சா தும்மல் நிக்காது, கைக்குட்டையோட போங்க. ஞாயித்துக்கிழமை பெரும்பாலான கடைகள் லீவு. வெள்ளி நகைக்கு தரீபா, ஜரிகைக்கு கினாரி பஜார், புத்தகத்துக்கு நை சடக். 2021-லேர்ந்து மெயின் தெருவுல பகல்ல வண்டி விடறதில்லை. நிம்மதியா நடக்கலாம்.

என்னை மாதிரி ஒயர் பைத்தியங்களுக்கு பாகீரத் பேலஸ். ஒரு காலத்துல பேகம் சம்ருவோட மாளிகை. நடனப் பெண்ணா வாழ்க்கையை ஆரம்பிச்சு, கூலிப்படைக்கே தலைவியாகி, சர்தனா சமஸ்தானத்தை ஆண்ட அம்மா அவங்க. பிறகு கைமாறிக் கைமாறி 1940-ல் ஒரு லாலாவிடம் வந்து, அவர் பேரே நிலைச்சுடுச்சு. இப்ப தூண்களுக்கு நடுவுல ஸ்விட்ச், பல்ப், எல்ஈடி சரம். 2022 நவம்பரில் இந்த மார்க்கெட்டில் பெரிய தீ. சந்துக்குள்ள வண்டி நுழைய முடியாம தீயணைப்புக்காரங்க நாள்கணக்கில் போராடினாங்க. பகீரதன் பேரை வெச்ச இடம், வாசல்ல ஒரு காலத்துல கால்வாய் ஓடின தெரு. தண்ணி கொண்டுவர பகீரதப் பிரயத்தனம் தேவைப்பட்டதை என்னன்னு சொல்றது?

சீமைக் கருவேலம் இங்கேயும்

கொஞ்சம் பச்சை பார்க்கலாம்னு ரிட்ஜ் காட்டுக்குப் போனா அங்கேயும் ஒரு தெரிஞ்ச முகம். தில்லிக்காரங்க விலாயத்தி கீகர்னு சொல்றாங்க. கிட்டப் போய்ப் பார்த்தா நம்ம சீமைக் கருவேலம்! ராமநாதபுரத்துல வெட்டி வெட்டி மாளாம, 2017-ல் மதுரை உயர்நீதிமன்றக் கிளையே தலையிட்டு வெட்டச் சொன்ன அதே மரம். அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு, 1870-களில் இந்தியாவுக்கு வந்தது. 1911-ல் தலைநகரை கல்கத்தாவிலேர்ந்து மாத்தறதா அறிவிச்சு, லட்யன்ஸும் பேக்கரும் புது தில்லி கட்டின காலத்துல, மொட்டைப் பாறை சீக்கிரம் பச்சையாகணும்னு வெள்ளைக்காரங்க ரிட்ஜ் மேல இதைப் பரப்பினாங்க. பச்சை ஆச்சு. ஆனா சொந்த ஊர் மரங்களெல்லாம் ஒதுங்கிப் போச்சு.

நல்ல சேதியும் உண்டு. வசந்த் விஹார் பக்கம், கல்லுக்காகத் தோண்டித் தோண்டி நாசமான இடத்தை ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்காவா மாத்தி, தௌ மாதிரி ஆரவல்லிக்கே உரிய மரங்களைத் திரும்ப வளர்க்கறாங்க. மயில் சத்தம் கேட்டுக்கிட்டே நடக்கலாம். அங்கே விழற ஒவ்வொரு சொட்டும் மண்ணுக்குள்ள இறங்கி நகரத்துக்கு அடியில போகுது. செலவில்லாத ஏரி அது.

ஒரே ஓடை, ரெண்டு நியாயம்

கன்னாட் பிளேஸ் 1930-களின் தொடக்கத்தில் முடிஞ்சது. அது வர்றதுக்கு முன்னாடி கீகர் காடும் சில கிராமங்களும். பத்து நிமிஷ நடையில அக்ரசேன் பாவ்லி இருக்கு. நூத்துக்கும் மேல படிகள், ஆனா கீழே பேருக்குத்தான் தண்ணி. நிஜாமுதீன் தர்காவோட பாவ்லியில மட்டும் இன்னும் தண்ணி நிக்குது. அந்த தர்கா வளாகத்துலதான் ஜஹானாராவும் தூங்கறாங்க. கூரை இல்லாத கல்லறை, மேல மண்ணும் புல்லும்தான் (இது நம்ம ஊர் புல்). அவங்க ஆசைப்பட்டதே அப்படித்தான்.

அங்கேயிருந்து கொஞ்ச தூரத்துல பாராபுல்லா. ஜஹாங்கீர் காலத்துல ஓடை மேல கட்டின பாலம். பன்னிரண்டு தூண், பதினோரு கண். தெற்கு தில்லி ஓடைகள் சேர்ந்து யமுனைக்குப் போற வழி. இப்ப அதுக்குப் பேர் நாலா, அதாவது சாக்கடை. 2010 காமன்வெல்த் போட்டிக்காக அந்த நாலா மேலேயே ஒரு பறக்கும் சாலையைப் போட்டாங்க.

இந்த ஓடையில வந்து சேர்ற குஷக் நாலாவைப் பிடிச்சுக்கிட்டே மேலே போனா ஐஎன்ஏ. அங்கே 1994-ல் திறந்த தில்லி ஹாட். எல்லா மாநிலத்துக் கைவினைப் பொருளும் கிடைக்கிற அருமையான சந்தை. எனக்குத் தில்லியிலேயே ரொம்பப் பிடிச்ச இடம்னு சொல்லலாம். அது நிக்கறது மூடின மழைநீர் நாலா மேல. அதை நகர அழகுபடுத்தல்னு பாராட்டினாங்க.

அதே ஓடையில கீழே வந்தா ஜங்புரா பக்கம் மதராஸி கேம்ப். தமிழ்நாட்டுலேர்ந்து போய் பல பத்தாண்டுகளா அங்கே குடியிருந்த நம்ம ஜனங்க. சுத்துவட்டார வீடுகள்ல சமையல், பாத்திரம், டிரைவர் வேலை. பிள்ளைங்க பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில படிச்சாங்க. ஓடையை அடைச்சதால மழைக்கு வெள்ளம் தேங்குதுன்னு, 2025 மே மாதம் தில்லி உயர்நீதிமன்றம் காலிபண்ணச் சொன்னது. ஜூன் 1-ஆம் தேதி புல்டோசர் வந்துச்சு. சுமார் 370 வீடுகள். 189 குடும்பங்களுக்குத்தான் மாற்று வீட்டுக்குத் தகுதின்னாங்க. அதுவும் சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி நரேலாவில். பாத்திரம் கழுவற அம்மா அங்கேயிருந்து காலையில ஜங்புராவுக்கு எப்படி வருவாங்க? அந்தப் பிள்ளைங்க எங்கே தமிழ் படிக்கும்?

ஓடை ஓடணும். அதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்லை. 2023 ஜூலையில யமுனை 208.66 மீட்டருக்கு ஏறினதே, அப்ப என்ன ஆச்சு? 1978-ன் பழைய உச்சம் 207.49 மீட்டர், அதைத் தாண்டிட்டுது. ரிங் ரோடை முழுங்கி, செங்கோட்டைச் சுவரை வந்து தொட்டுட்டுத்தான் போச்சு, ஷாஜஹான் காலத்துல ஓடின அதே இடத்துல. நாம மறந்தாலும் தண்ணி தன் விலாசத்தை மறக்காது.

ஆனா தண்ணிக்கு வழிவிடணும்னா எல்லாரும் விடணும். ஓடையை மூடிக் கடை வெச்சா அழகுபடுத்தல், அது மேல சாலை போட்டா வளர்ச்சி, ஓரமா குடிசை போட்டா மட்டும் ஆக்கிரமிப்பு. ஏரியை வெட்டினவங்க, தூர்த்தவங்க, மூடினவங்க எல்லாரும் சேர்ந்து எழுதின எட்டு நூற்றாண்டுக் கணக்கு இது. அதோட மொத்த பில்லையும் கடைசியா வந்து ஓரத்துல ஒதுங்கின 370 வீடுகள்கிட்ட நீட்டியிருக்காங்க.